சிறு குழந்தைகளோடு வீட்டில் ஒரு சாதாரண நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏறக்குறைய 1 முதல் 5 வயது வரை உள்ள பிள்ளைகளோடு நாள் முழுக்க வீட்டில் இருப்பவர்களுக்கான பக்கம் இது. விசேஷம் இல்லை, விருந்தாளி இல்லை, எங்கும் போக வேண்டியதும் இல்லை. அப்படி ஒரு நாளை ரகளை குறைவாகவும், முடிந்தவரை ரசித்தும் கழிப்பதற்கான விவரங்கள் கீழே இருக்கின்றன.

மணிக்கணக்குப்படி அட்டவணை போட வேண்டுமா?

வேண்டாம். வரிசை மட்டும் போதும். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பத்தரை மணி என்றால் ஒன்றும் புரியாது. "வெளியே போய்விட்டு வந்தால் சாப்பாடு, சாப்பிட்டால் தூக்கம்" என்றால் நன்றாகப் புரியும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த பிள்ளை பாதி அடத்தை விட்டுவிடும்.

காலை உணவு, வெளியே ஓடுவது, மதிய உணவும் தூக்கமும், மாலைக் குளியலும் படுக்கையும் என்று நான்கு முளைகளை அடித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் முன்பின் ஆனாலும் வரிசை மாற வேண்டாம். இடையில் உள்ள நேரத்தை நிரப்பாமல் விடுங்கள். சாப்பாட்டுக்கும் சிற்றுண்டிக்கும் இடையே இரண்டரை மணி முதல் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் காரணம் தெரியாத அழுகை பெருமளவு குறையும். அந்த அழுகைக்குப் பெரும்பாலும் காரணம் இருக்கிறது, அது பசி.

தூக்கக் கணக்கையும் மனதில் வையுங்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி 1–2 வயதில் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம், 3–5 வயதில் 10 முதல் 13 மணி நேரம் தேவை. முந்தைய இரவு தூக்கம் குறைந்த பிள்ளையிடம் எந்த யோசனையும் எடுபடாது. அன்று எல்லாவற்றையும் சுருக்கிக்கொண்டு சீக்கிரம் படுக்க வைப்பதே நல்லது.

காலையில் எழுந்ததிலிருந்தே காலைச் சுற்றிக்கொண்டு விடுவதில்லை. வேலை ஓடவில்லை. என்ன செய்வது?

வேலையைத் தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம் கொடுத்துவிடுங்கள். அடுப்பு வேண்டாம், செல்போன் வேண்டாம். படுக்கையிலோ தரையிலோ சும்மா உட்கார்ந்தால் போதும். பிள்ளை மேலே ஏறும், உருளும், ஏதாவது சொல்லும். இரவெல்லாம் பிரிந்திருந்த பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடம் ஒரு சாப்பாடு மாதிரி. அதைக் கொடுக்காமல் வேலையில் இறங்கினால், அடுத்த ஒரு மணி நேரத்தில் அதையே துண்டு துண்டாக, அழுகையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒரு நாளுக்கு எத்தனை விளையாட்டு ஏற்பாடு செய்ய வேண்டும்?

ஒன்று. அதுவும் கட்டாயமில்லை. நாற்பது நிமிடம் வெட்டி ஒட்டி நீங்கள் தயாரித்ததைப் பிள்ளை நான்கு நிமிடத்தில் விட்டுப் போனால் வரும் எரிச்சல் அந்த நாளையே கெடுத்துவிடும். ஆயத்தம் செய்யும் நேரம் ஐந்து நிமிடத்தைத் தாண்டுகிற எதையும் சாதாரண நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பொம்மைகள் குவிந்து கிடக்கின்றன. ஆனாலும் "போரடிக்குது" என்கிறான். ஏன்?

குவிந்து கிடப்பதால்தான். அமெரிக்காவின் டோலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் 18 முதல் 30 மாதம் வரையான 36 குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நான்கே இருந்தபோது ஒவ்வொரு பொம்மையோடும் அதிக நேரம் இருந்தார்கள், அதை வைத்து அதிக விதமாகவும் விளையாடினார்கள்.

வீட்டில் இதைச் செய்ய ஒரு மாலை போதும். பிள்ளை தூங்கிய பிறகு எல்லாவற்றையும் தரையில் கொட்டுங்கள். உடைந்ததையும் துணைப் பாகம் தொலைந்ததையும் முதலில் ஒதுக்குங்கள். மீதியை நான்கு பெட்டிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் அடுக்க ஒன்று (கட்டைகள் மாதிரி), உருட்ட ஒன்று, பாவனைக்கு ஒன்று (பொம்மைக் குழந்தை, கிண்ணம், கரண்டி), கைக்கு ஒன்று (கோர்ப்பது, பொருத்துவது), சில புத்தகங்கள் என்று இருக்கட்டும். ஒரு பெட்டிதான் வெளியே. மற்ற மூன்றும் கண்ணில் படாத இடத்தில். பத்து நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

வழக்கமாக இரண்டு இடங்களில் இது சறுக்கும். ஒன்று, தூங்கும்போது கட்டிப்பிடிக்கும் பொம்மையையும் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவது. அதைத் தொடவே கூடாது. இன்னொன்று, வெளியே வைத்ததைப் பெரிய கூடையில் கொட்டி வைப்பது. கூடைக்குள் அடியில் கிடப்பது பிள்ளையின் கணக்கில் இல்லாத பொருள். முழங்கால் உயர அலமாரியில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி விட்டு வையுங்கள்.

மூன்று வயதுக்குக் கீழே யாராவது வீட்டில் இருந்தால் பிரிக்கும்போதே ஒரு சோதனை: டாய்லெட் பேப்பர் சுற்றிவந்த அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியது. பட்டன் பேட்டரி உள்ள பொம்மைகளின் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தனியாக விளையாடவே மாட்டேன் என்கிறாள். பழக்க முடியுமா?

முடியும். முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்ய வேண்டும். வயதுக்கு இரண்டு மூன்று நிமிடம் என்பது பொதுவான கைக்கணக்கு. இரண்டு வயதுப் பிள்ளை ஒரே பொருளில் ஐந்தாறு நிமிடம் மூழ்கியிருந்தால் அது நல்ல கவனம். பிறகு அது எழுந்து உங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டு திரும்பிப் போகும். அந்த வந்து போவதும் விளையாட்டில் சேர்ந்ததுதான்.

பிரிட்டனைச் சேர்ந்த குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட் 1958-ல் ஒன்றைக் கவனித்து எழுதினார்: தனியாக இருக்கும் திறனைக் குழந்தை, பக்கத்தில் ஒருவர் இருக்கும்போதுதான் கற்கிறது. பெரியவர் அருகில் இருக்க வேண்டும், ஆனால் எதையும் கேட்காமல் இருக்க வேண்டும். "போ, போய்த் தனியாக விளையாடு" என்று அடுத்த அறைக்கு அனுப்புவது பலிக்காததற்குக் காரணம் இதுதான்.

முதல் வாரம் பிள்ளை விளையாடும் இடத்திலேயே தரையில் உட்காருங்கள். கையில் துணி மடிப்பது, பட்டன் தைப்பது மாதிரி ஏதாவது வேலை இருக்கட்டும். பார்த்தால் பாருங்கள், சிரித்தால் சிரியுங்கள், பேசினால் பதில் சொல்லுங்கள். நீங்களாக எதையும் தொடங்காதீர்கள். இரண்டாம் வாரம் அதே அறையில் நாற்காலிக்குப் போங்கள். மூன்றாம் வாரம், "தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய், சொன்னபடி ஒரு நிமிடத்தில் திரும்புங்கள். அந்த ஒரு நிமிடம் மெல்ல ஐந்தாகும், பத்தாகும்.

மூழ்கியிருக்கும் பிள்ளையிடம் "ஆகா, எவ்வளவு அழகா அடுக்கியிருக்க!" என்று சொல்வதுதான் பெரும்பாலும் இதைக் கெடுப்பது. பாராட்டும் ஒரு குறுக்கீடுதான். நிமிர்ந்து உங்களைப் பார்த்த பிள்ளை திரும்ப உள்ளே போகாது. இன்னொரு தவறு, விளையாட்டு மும்முரத்தில் இருக்கும்போது சொல்லாமல் நழுவுவது. அன்றைக்கு வேலை ஆகிவிடும். மறுநாளிலிருந்து பிள்ளை விளையாடாமல் உங்களையே காவல் காக்கும்.

பாவனை விளையாட்டு எனக்கு அலுப்பாக இருக்கிறது. அப்படி உணர்வது தவறா?

தவறில்லை. பெரியவர்கள் பலருக்கும், ஒரே டீயை இருபது முறை வெறும் கோப்பையில் குடிப்பது அலுக்கும். நாளுக்கு ஒருமுறை, பிள்ளை சொன்னதை மட்டும் செய்யும் பதினைந்து நிமிடம் கொடுங்கள். அதில் நீங்கள் எதையும் சொல்லித்தர வேண்டாம், திருத்த வேண்டாம், "இது என்ன நிறம்?" என்று கேட்க வேண்டாம். முடியும் நேரத்தை முன்கூட்டியே சொல்லுங்கள்.

நிம்மதியான நாளின் பெரும்பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. ஹங்கேரியக் குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர் 1946 முதல் புடாபெஸ்டில் ஒரு குழந்தைகள் இல்லத்தை நடத்தினார். அங்கே விளையாட்டு குழந்தையின் சொந்த நேரம், குறுக்கிட மாட்டார்கள். பெரியவர்களின் முழுக் கவனமும் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, உடை மாற்றுவது ஆகியவற்றுக்குப் போகும். அவசரப்படாமல், அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி, குழந்தை கையை நீட்டும்வரை காத்திருந்து செய்வார்கள்.

நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. உடை மாற்றுவதை ஒன்றரை நிமிடத்தில் இழுத்துப் பறித்து முடித்துவிட்டு, மிச்சப்பட்ட நேரத்தில் விளையாட்டுக் காட்டப் பார்க்கிறோம். டயப்பர் மாற்றுவதற்கு ஏழு நிமிடம், குளியலுக்கு இருபது நிமிடம், சட்டை போட ஐந்து நிமிடம் என்று நேரம் விட்டுப் பாருங்கள். எப்படியும் செய்தே ஆக வேண்டிய வேலைகள் இவை. நேரம் கொடுத்துச் செய்தால் அவையே கொஞ்சலாகிவிடும், பிள்ளைக்கும் உங்களுக்கும் தனி விளையாட்டு தேவைப்படாது.

பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டு வேலை செய்ய முடிகிறதா?

வேலையை முடிக்க வேண்டும் என்றால் கடினம். வேலையே பொழுது என்று எடுத்துக்கொண்டால் நன்றாகப் போகும். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதக் குழந்தைகள் முன்பின் தெரியாத பெரியவர் கைதவறிப் போட்டதை எடுத்துக் கொடுத்தார்கள், கை நிறையப் புத்தகத்தோடு நின்றவருக்கு அலமாரிக் கதவைத் திறந்துவிட்டார்கள். யாரும் கேட்கவில்லை. உதவும் ஆசை தானாகவே வருகிறது. அது இடைஞ்சலாக இருக்கும் வயதில் நாம் துரத்திவிடாமல் இருந்தால் போதும்.

ஒன்றரை வயதில்: துவைத்த துணியை ஒவ்வொன்றாக வாளியிலிருந்து எடுத்துத் தருவது, காலுறையைக் கூடையில் போடுவது, ஈரத் துணியால் தரையில் ஒரு இடத்தைத் துடைப்பது. இரண்டரை வயதில்: காய்களைக் கழுவுவது, கீரை கிள்ளுவது, ஸ்பூன்களைப் பெரியது சிறியது என்று பிரிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. நான்கு வயதில்: கைக்குட்டை மடிப்பது, சாப்பாட்டுத் தட்டுகளை எண்ணி வைப்பது, வாழைப்பழம் மாதிரி மெத்தென்றவற்றை முனை மழுங்கிய கத்தியால் நறுக்குவது.

அளவில்தான் சூட்சுமம். செடிக்கு ஊற்றும் குவளையில் கால்பங்குக்கு மேல் தண்ணீர் வேண்டாம். முழுக்க நிரப்பினால் போகிற வழியெல்லாம் கொட்டும், நீங்கள் கத்துவீர்கள், பிள்ளை அழும். கால்பங்கு என்றால் நான்கு முறை நடக்கும். நடப்பதுதான் அதற்குப் பிடித்த பகுதியே. துணி என்றால் முழுக் கூடையைக் கொடுக்காமல் ஐந்து உருப்படி மட்டும் கொடுங்கள். பிள்ளை மடித்ததை அதன் கண் முன்னால் பிரித்துத் திரும்ப மடிக்காதீர்கள். அப்படிச் செய்தால் உதவ வருவது அன்றோடு குறைய ஆரம்பிக்கும்.

உதவி செய்தால் ஏதாவது பரிசு தரலாமா?

வேண்டாம். அதே ஆய்வாளர்கள் 2008-ல், உதவிய 20 மாதக் குழந்தைகளில் சிலருக்கு ஒவ்வொரு முறையும் விளையாட்டுப் பொருள் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுப்பதை நிறுத்தியதும் அந்தக் குழந்தைகள், பரிசே பெறாதவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள். "சாக்ஸ் எல்லாம் கூடைக்குள்ள வந்துடுச்சே" என்று நடந்ததைச் சொன்னால் போதும்.

எந்த வயதுக்கும் எடுபடும் ஒரே ஒரு விளையாட்டு சொல்லுங்கள்.

தண்ணீர். ஒரு பெரிய துண்டை நான்காக மடித்துத் தரையில் போடுங்கள். அதன்மேல் அகலமான, உயரம் குறைந்த பாத்திரம். இரண்டு விரற்கடை உயரத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர். இரண்டு குவளை, ஒரு வடிகட்டி, ஒரு பஞ்சு, ஒரு காலிக் கிண்ணம். அவ்வளவுதான். ஊற்றுவதும் பிழிவதுமாக இருபது நிமிடத்திலிருந்து நாற்பது நிமிடம் போகும். முதலிலேயே எல்லாச் சாமானையும் வைக்காதீர்கள். இரண்டு குவளையோடு தொடங்கி, ஆர்வம் குறையும்போது பஞ்சு, பிறகு வடிகட்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் நேரம் நீளும். சட்டையைக் கழற்றிவிட்டே ஆரம்பியுங்கள், "நனையாதே" என்று சொல்ல வேண்டியிராது.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரிலும் சிறு பிள்ளை மூழ்கிவிடலாம், அதுவும் சத்தமில்லாமல். கைக்கெட்டும் தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும். அழைப்பு மணி அடித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள். விளையாட்டு முடிந்த அந்த நிமிடமே பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுங்கள், குளியலறை வாளியையும் சேர்த்து.

பிசைந்து விளையாடும் மாவு வீட்டில் செய்தால் ஒட்டுகிறது அல்லது வெடிக்கிறது. சரியான அளவு என்ன?

2 கப் கோதுமை மாவு, அரை கப் பொடி உப்பு, 2 மேசைக்கரண்டி எண்ணெய், முக்கால் கப் முதல் 1 கப் வரை வெந்நீர். மாவையும் உப்பையும் முதலில் கலந்து, எண்ணெய் விட்டு, வெந்நீரைக் கால் கால் கப்பாக ஊற்றிக் கரண்டியால் கிளறுங்கள். ஆறியதும் ஐந்து நிமிடம் கையால் பிசைய வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த ஐந்து நிமிடத்தைத்தான். பிசையாத மாவு ஒட்டத்தான் செய்யும். பிசைந்த பிறகும் ஒட்டினால் ஒரு மேசைக்கரண்டி மாவு, வெடித்தால் சில சொட்டு எண்ணெய். வெந்நீருக்குப் பதில் குளிர்ந்த நீர் விட்டால் உப்பு சரியாகக் கரையாமல் நறநறவென்று இருக்கும்.

காற்றுப்புகாத டப்பாவில், குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். நாற்றமோ புள்ளியோ கண்டால் தூக்கிப் போடுங்கள். எதையும் வாயில் வைத்து விழுங்கும் கட்டத்தில் உள்ள பிள்ளைக்கு இதைத் தர வேண்டாம். இவ்வளவு உப்பு சிறு உடலுக்கு ஆபத்து, வீட்டில் நாய் இருந்தால் அதற்கும்தான்.

வெளியே போகவே முடியாத நாளில் ஓட்டமும் குதியும் எப்படி?

உலக சுகாதார அமைப்பின் 2019 வழிகாட்டுதல்படி 1–4 வயதுப் பிள்ளைகள் நாளுக்கு மொத்தம் 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும். 3, 4 வயதில் அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். கேட்க மலைப்பாக இருந்தாலும் அது நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கலாம். தரையில் மாஸ்கிங் டேப்பால் ஒரு நேர்க்கோடு, ஒரு வளைகோடு, ஐந்து கட்டம் ஒட்டுங்கள். நேர்க்கோட்டில் நடப்பது, வளைவில் தவழ்வது, கட்டத்தில் குதிப்பது. கடைசியில் தலையணைக் குவியல். கூர்மையான மேசை முனையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி அந்தக் குவியல் இருக்கட்டும். டேப்பை இரண்டொரு நாளில் எடுத்துவிடுங்கள், பசை தரையில் தங்கிவிடும்.

இன்னொன்று, போர்வைக் கூடாரம். இரண்டு நாற்காலிகளின் முதுகுகள் ஒன்றையொன்று பார்க்க, ஒரு மீட்டர் இடைவெளியில் வையுங்கள். கனமான போர்வை சரிந்துகொண்டே இருக்கும், மெல்லிய படுக்கை விரிப்பே நல்லது. துணி மாட்டும் கிளிப்பால் நான்கு இடத்தில் பிடித்துவிட்டால் மாலை வரை நிற்கும்.

பின்னணியில் டிவி ஓடினால் என்ன? அவன் பார்ப்பதுகூட இல்லை.

பார்க்காவிட்டாலும் பாதிக்கிறது. 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 1, 2, 3 வயதுக் குழந்தைகளை ஒரு மணி நேரம் விளையாட விட்டு, அதில் அரை மணி நேரம் பெரியவர்களுக்கான நிகழ்ச்சி ஒன்றை ஓடவிட்டார்கள். குழந்தைகள் திரையை அரிதாகவே பார்த்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு விளையாட்டிலும் மூழ்கியிருந்த நேரம் குறைந்தது. சத்தம் கவனத்தை நறுக்கிக்கொண்டே இருக்கிறது.

குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை, 2 வயதுக்கு முன் திரை வேண்டாம், 2–4 வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. தரும்போது மணியை வைத்து அணைக்காமல், ஒரு முழு நிகழ்ச்சி முடியும்போது அணையுங்கள். பாதியில் அணைத்தால் அழுகை வரும், அது நியாயமான அழுகையும்கூட. அணைத்தவுடன் தின்பதற்கு ஏதாவது அல்லது வெளியே போவது என்று அடுத்த முளை வரட்டும்.

என் கையில் உள்ள செல்போன்?

வேறு அறையில், சத்தத்தோடு வைத்துவிடுங்கள். அழைப்பு வந்தால் கேட்கும். பெரியவரின் முகம் அசைவின்றிப் போனால் கைக்குழந்தை எவ்வளவு விரைவில் கலங்குகிறது என்பதை உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970-களிலேயே சோதனை செய்து காட்டிவிட்டார். திரையைப் பார்க்கும் நம் முகமும் கிட்டத்தட்ட அதே முகம்தான். எதையாவது பார்த்தே ஆக வேண்டும் என்றால் "அப்பா ஒரு செய்தி படிக்கணும், முடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள்.

இரண்டு பிள்ளைகள். நாள் முழுக்கச் சண்டை.

வயதைப் பாருங்கள். சிறு பிள்ளைகளின் விளையாட்டைக் கவனித்து வகைப்படுத்திய மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே எழுதியது இது: முதலில் தனி விளையாட்டு, பிறகு பக்கத்துப் பக்கத்தில் அவரவர் விளையாட்டு, அதன் பிறகே சேர்ந்து ஆடுவது. இரண்டு வயதுக்காரன் கட்டைகளைச் சேர்ந்து அடுக்க மாட்டான், அக்கா அடுக்கியதை இடிப்பான். அது பொல்லாத்தனம் இல்லை, இடிப்பதுதான் அவனுக்குத் தெரிந்த விளையாட்டு. அக்காவின் கட்டடம் அவன் கைக்கு எட்டாத மேசை மேல் இருக்கட்டும். அவனுக்கு இடிப்பதற்கென்றே நீங்கள் ஒரு கோபுரம் கட்டிக் கொடுங்கள்.

பகிர்வதை விட முறை வைப்பது எளிது. "அவள் முடித்ததும் உன்னிடம் வரும்" என்று சொல்லி, காத்திருப்பவனைக் கட்டிக்கொண்டு நீங்களும் காத்திருக்க வேண்டும். பிடுங்கி மற்றவனுக்குக் கொடுத்தால், பெரியவர் பலமுள்ளவர் என்பதைத்தான் இருவரும் கற்பார்கள். சண்டை மூண்டதும் யார் தொடங்கியது என்று விசாரிக்காமல், பார்ப்பதை மட்டும் சொல்லுங்கள்: "ரெண்டு பேர், ஒரு கார். ரெண்டு பேருக்கும் வேணும்." அடிக்கும் கையை மட்டும் பிடித்து நிறுத்துங்கள். நான்கு வயதுக்கு மேல் பாதிச் சண்டைகள் அங்கேயே தாங்களாகத் தீரும்.

மதியத் தூக்கத்தை விட்டுவிட்டாள். எனக்கு இடைவெளியே இல்லை.

பெரும்பாலான பிள்ளைகள் 3 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் பகல் தூக்கத்தை விடுவார்கள். தூக்கம் போனாலும் அந்த நேரத்தை விட வேண்டாம், அமைதி நேரமாக மாற்றுங்கள். அதே அறை, அதே மங்கல் வெளிச்சம். அந்த நேரத்துக்கு மட்டும் வெளியே வரும் ஒரு பெட்டி: புத்தகங்கள், க்ரேயான், தாள், துணிப் பொம்மை. முதல் நாள் பத்தே நிமிடம். பிள்ளை அழைப்பதற்கு முன் நீங்களாக உள்ளே போய் முடித்து வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டினால் மூன்று வாரத்தில் நாற்பது நிமிடத்துக்கு வரும். முதல் நாளே ஒரு மணி நேரம் கேட்டால் கதவு தட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். அந்த நாற்பது நிமிடத்தில் பாத்திரம் கழுவாதீர்கள். உட்காருங்கள். மாலைக்குத் தேவையான பொறுமை அங்கேதான் சேர்கிறது.

காலையெல்லாம் நன்றாகப் போகிறது, மாலை ஐந்து மணிக்கு மேல் எல்லாம் சிதறுகிறது. ஏன்?

பிள்ளையின் களைப்பு, பசி, உங்கள் களைப்பு, சமையல் என்று நான்கும் ஒரே நேரத்தில் வந்து மோதுகின்றன. நான்கில் இரண்டை விலக்கினாலே மாலை மாறிவிடும். சமையலின் நறுக்கும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். இரவு உணவில் பிள்ளைக்குரிய பகுதியை ஐந்தரைக்கே கொடுத்துவிடுங்கள், பெரியவர்கள் பிறகு சாப்பிடட்டும். குளியலை முன்னுக்குக் கொண்டுவருவதும் நல்ல வழி. அழுதுகொண்டே தொட்டிக்குள் போகும் பிள்ளை பெரும்பாலும் அமைதியாகத்தான் வெளியே வரும்.

எதற்கென்றே தெரியாமல் தரையில் புரண்டு அழுகிறான். விளக்கிச் சொன்னாலும் கேட்பதில்லை.

அந்த நேரத்தில் விளக்கம் காதில் ஏறாது. ஆபத்தான பொருளை நகர்த்திவிட்டு, அவன் கண்ணுக்கு உங்கள் முகம் நேராகத் தெரியும்படி தரையில் உட்காருங்கள். ஒரே வாக்கியம்: "கோபமா இருக்க. நான் இங்கதான் இருக்கேன்." பிறகு பேசாமல் இருங்கள். பெரும்பாலான அடம் சில நிமிடங்களில் தானாக அடங்கும், நம் பேச்சுதான் அதை நீட்டுகிறது. அழுகை முடிந்ததும் தண்ணீர் கொடுங்கள். எதை மறுத்தீர்களோ அதை மட்டும் கொடுக்காதீர்கள்.

விளையாடியதை எடுத்து வைக்கச் செய்வது எப்படி?

"எல்லாத்தையும் எடுத்து வை" என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கு முடிவில்லாத வேலை. "சிவப்புக் கட்டை எல்லாம் இந்தப் பெட்டிக்கு" என்றால் முடியும். நாளுக்கு இருமுறை, மதிய உணவுக்கு முன்னும் குளியலுக்கு முன்னும், தலா ஐந்து நிமிடம் நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். பெட்டியின் வெளியே உள்ளிருக்கும் பொருளின் படத்தை வரைந்து ஒட்டினால் எது எங்கே என்ற கேள்வி வராது. இரவில் ஏதாவது மிச்சமிருந்தால் அப்படியே கிடக்கட்டும்.

நான் கத்திவிட்டேன். நாள் கெட்டுவிட்டதா?

இல்லை. முதலில் நீங்கள் ஆறுங்கள்: முகம் கழுவுங்கள், தண்ணீர் குடியுங்கள். பிறகு பிள்ளையின் உயரத்துக்கு இறங்கி, "அம்மா சத்தம் போட்டுட்டேன். உனக்கு பயமா இருந்திருக்கும். தப்பு என்னோடது" என்று சொல்லுங்கள். "ஆனால் நீ ஏன் அப்படிச் செய்தாய்?" என்று தொடராதீர்கள், மன்னிப்பு அங்கேயே செத்துவிடும். அடிக்கடி கத்த நேர்ந்தால் அது எந்த நேரத்தில் வருகிறது என்று மூன்று நாள் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே நேரம், ஒரே வேலையாக இருக்கும். செருப்பு மாட்டும் நேரமாக இருந்தால், இருபது நிமிடம் முன்னதாக அதைத் தொடங்குவதே தீர்வு.

தினமும் படுக்கும்போது அதே புத்தகத்தைக் கேட்கிறாள். வேறு படிக்க வேண்டாமா?

அவள் கேட்கும்வரை அதையே படியுங்கள். திரும்பத் திரும்பக் கேட்கும்போதுதான் புதுச் சொற்கள் தங்குகின்றன. அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று தெரிந்திருப்பது தூங்கப் போகும் பிள்ளைக்குப் பெரிய நிம்மதியும்கூட. உங்களுக்கு அலுத்தால் வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், படத்தின் ஓரத்தில் இதுவரை பார்க்காத பூனையைத் தேடுங்கள். பத்தாவது இரவோ பதினைந்தாவது இரவோ, வரியின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்துங்கள். சொல்வாள்.